நிறமும் மனமும் இயற்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே சில சந்தேகங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. வானம், மயில், பச்சோந்தி என்று ஆரம்பித்து கோபம், அமைதி, சிகிச்சை என்று போய் நிற்கும். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் கேள்வியின் பதிலை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். பின்னால் வரும் பல பதில்கள் அதன்மேல்தான் நிற்கின்றன.

1. நிறம் பொருளில் இருக்கிறதா, வெளிச்சத்தில் இருக்கிறதா, இல்லை நம் மூளை செய்யும் கற்பனையா?

மூன்றும் சேர்ந்தால்தான் நிறம். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம், ஊதா முனையில் சுமார் 400 நானோமீட்டரிலிருந்து சிவப்பு முனையில் சுமார் 700 நானோமீட்டர் வரை. ஒரு பொருள்மேல் வெளிச்சம் விழும்போது சில அலைநீளங்களை அது உறிஞ்சிக்கொள்கிறது, மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த மிச்சம் கண்ணுக்குள் நுழைந்து விழித்திரையில் இருக்கும் கூம்பு செல்களைத் தூண்டுகிறது.

கூம்பு செல்களில் மூன்று வகை உண்டு. ஒன்று 420 நானோமீட்டரை ஒட்டிய ஒளிக்கும், இன்னொன்று 530-ஐ ஒட்டியதற்கும், மூன்றாவது 560-ஐ ஒட்டியதற்கும் அதிகமாகத் தூண்டப்படும். தனியாக எந்தச் செல்லுக்கும் நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி பிடித்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும். மூன்று வகையும் அனுப்பும் அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் 'இது மஞ்சள்' என்ற முடிவுக்கு மூளை வருகிறது. அதைக் கற்பனை என்பதைவிடக் கணக்கு என்பதே பொருத்தம்.

2. கறுப்பும் வெள்ளையும் நிறங்களா, இல்லையா?

அலைநீளமாகப் பார்த்தால் இல்லை. வானவில்லில் அவற்றுக்கு இடம் கிடையாது. உணர்வாகப் பார்த்தால் நிச்சயம் உண்டு. மூன்று வகைக் கூம்புகளும் ஏறக்குறைய சமமாகத் தூண்டப்பட்டால் வெள்ளை. சுற்றிலும் வெளிச்சம் இருக்க, ஓரிடத்திலிருந்து மட்டும் ஒளி வராவிட்டால் கறுப்பு. மெஜந்தா நிறமும் வானவில்லில் இல்லை. சிவப்பு முனையும் நீல முனையும் சேர்ந்து வந்து, நடுவிலிருக்கும் பச்சை வராதபோது மூளை தரும் விடை அது.

3. இருட்டினதும் நிறமெல்லாம் எங்கே போய்விடுகிறது?

கூம்பு செல்களுக்கு ஓரளவு வெளிச்சம் வேண்டும். விழித்திரையில் அவை சுமார் 60 லட்சம்தான். இருட்டில் வேலை செய்பவை குச்சி செல்கள். அவை சுமார் 12 கோடி. ஆனால் குச்சி செல்லில் ஒரே வகைதான் உண்டு. ஒப்பிட இன்னொன்று இல்லாததால், முதல் பதிலில் சொன்ன கணக்கு நடக்க வழியில்லை. மிஞ்சுவது வெளிச்சம் கூடுதலா குறைவா என்பது மட்டுமே.

அந்திப் பொழுதில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். சிவப்புப் பூ பூத்த ஒரு செடியின் முன்னால் சூரியன் மறையும் நேரத்தில் உட்காருங்கள். முதலில் பூ இலையைவிடப் பளிச்சென்று இருக்கும். வெளிச்சம் குறையக் குறையப் பூ கறுத்துப்போகும். இலைகளோ வெளிறிய சாம்பலாக இன்னும் தெரிந்துகொண்டிருக்கும். குச்சி செல்கள் 500 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைத்தான் நன்றாகப் பிடிக்கின்றன, சிவப்பை ஏறக்குறைய பிடிப்பதே இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்து எழுதிய செக் நாட்டு உடலியலாளர் புர்கின்யேயின் பெயரால் இதற்குப் புர்கின்யே விளைவு என்று பெயர்.

4. ஒளி சிதறுவதால் வானம் நீலம் என்று படித்தோம். ஊதாதானே இன்னும் அதிகம் சிதறும்? வானம் ஏன் ஊதாவாக இல்லை?

நல்ல கேள்வி; பாடத்தோடு நிறுத்திக்கொள்ளாதவர்கள்தான் இதைக் கேட்பார்கள். காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு, அலைநீளத்தின் நான்காம் படிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கிறது. இதைச் சொன்னவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ராலே, 1871-இல். இந்தக் கணக்குப்படி 400 நானோமீட்டர் ஒளி 700 நானோமீட்டர் ஒளியைவிட ஒன்பது மடங்குக்கு மேல் சிதறும்.

அப்படியும் வானம் ஊதாவாகத் தெரியாததற்குக் காரணங்கள் உண்டு. சூரிய ஒளியிலேயே ஊதா, நீலத்தைவிடக் குறைவு. வருவதிலும் ஒரு பகுதியை மேல் வளிமண்டலம் உறிஞ்சிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் கண் ஊதாவைப் பிடிப்பதில் பலவீனமானது. வானத்திலிருந்து வரும் கலவையை மூன்று வகைக் கூம்புகளும் சேர்ந்து அளக்கும்போது, கிடைக்கும் விடை வெளிர் நீலம். வேறு கண் கொண்ட ஓர் உயிருக்கு வானம் வேறு நிறமாக இருக்கும்.

5. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்?

அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. 1921-இல் மத்தியதரைக் கடல் வழியாகக் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. ராமனுக்கும் இதே சந்தேகம் வந்தது. கையிலிருந்த நிக்கோல் பட்டகம் என்ற ஒளி வடிகட்டியின் வழியே, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை வடிகட்டிவிட்டுக் கடலைப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பை நீக்கிய பிறகும் கடல் நீலமாகவே இருந்தது, முன்னைவிட அழுத்தமாக. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் வாதிட்டார். அங்கிருந்து தொடங்கிய ஆராய்ச்சிதான் 1928-இல் ராமன் விளைவில் வந்து நின்றது.

நீருக்கு இன்னொரு குணமும் உண்டு: சிவப்பை அது மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஒரு டம்ளர் அளவில் இது தெரியாது. கடலில் பத்து மீட்டர் ஆழத்துக்குப் போனால் சிவப்பு பெரும்பாலும் போய்விடும். அங்கே சிவப்பு மீன் மங்கிய சாம்பலாகத்தான் தெரியும்.

6. இலை உதிர்வதற்கு முன் வரும் மஞ்சளும் சிவப்பும் எங்கிருந்து வருகின்றன?

மஞ்சள் புதிதாக வருவதில்லை. கரோட்டினாய்டு என்ற நிறமி இலையில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது; பச்சையம் அதை மறைத்துக்கொண்டிருக்கும். பச்சையம் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் நன்றாக உறிஞ்சி, பச்சையை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. இலை உதிரும் காலம் நெருங்கும்போது மரம் பச்சையத்தைச் சிதைத்து, இலையிலிருக்கும் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்போது மஞ்சள் வெளிப்படுகிறது.

சிவப்பின் கதை வேறு. அது ஆந்தோசயனின் என்ற வேறொரு நிறமி. பல மரங்கள் இலை உதிரப்போகும் அந்தக் கடைசி நாட்களில் அதைப் புதிதாகத் தயாரிக்கின்றன.

7. மயில் தோகையில் நீலச் சாயமே கிடையாதாமே?

உண்மைதான். தோகையில் இருக்கும் நிறமி மெலனின், பழுப்பு கலந்த கறுப்பு. நம் தலைமுடியில் இருப்பதும் அதே வகைதான். ஆனால் தோகையின் மெல்லிய இழைகளுக்குள் மெலனின் நுண்குச்சிகள் மிக ஒழுங்கான வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுக்குகளின் இடைவெளி எந்த அலைநீளத்துக்குப் பொருந்துகிறதோ அந்த ஒளி மட்டும் வலுத்துத் திரும்புகிறது. இடைவெளி சற்று மாறினால் நீலம் பச்சையாகும், இன்னும் மாறினால் பழுப்பாகும். இழையை நுணுக்கிப் பொடியாக்கினால் அடுக்கு குலைந்து, கறுப்புப் பொடிதான் மிஞ்சும்.

மார்ஃபோ என்ற நீல வண்ணத்துப்பூச்சியின் இறகில் இதை இன்னும் அழகாகக் காணலாம். அதன் செதில்களின் நுண்வரிகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஒரு சொட்டு ஆல்கஹாலை விட்டால் காற்று இருந்த இடத்தில் திரவம் புகுந்து, நீலம் பச்சையாக மாறும். சில நொடிகளில் ஆல்கஹால் ஆவியாகிவிடும். நீலம் திரும்ப வந்துவிடும். சாயமாக இருந்தால் இப்படி நடக்காது. விலங்குலகில் நாம் பார்க்கும் நீலத்தில் பெரும்பகுதி இந்த வகைதான். உண்மையான நீல நிறமி கொண்ட விலங்குகள் மிக அபூர்வம்.

8. பூக்களுக்கு இத்தனை நிறம் எதற்கு? நாம் ரசிக்கவா?

பூக்கள் மனிதனுக்கு முன்பே பல கோடி ஆண்டுகளாக இருக்கின்றன. அந்த நிறங்கள் மகரந்தம் சுமப்பவர்களுக்கானவை. தேனீக்கு நிறமே தெரியாது என்று ஒரு கருத்து நூறாண்டுக்கு முன் இருந்தது. விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் ஒரு எளிய சோதனை செய்தார். பல அளவு வெளிச்சம் கொண்ட சாம்பல் அட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு நீல அட்டை. சர்க்கரை நீர் அதன்மேல் மட்டும். தேனீக்கள் பழகிய பிறகு, சர்க்கரை நீரை எடுத்துவிட்டு அட்டைகளை இடம் மாற்றி வைத்தார். தேனீக்கள் நேராக நீலத்துக்கே வந்தன. வெளிச்சத்தை மட்டும் பார்ப்பவையாக இருந்தால் ஏதாவதொரு சாம்பல் அட்டையோடு குழம்பியிருக்க வேண்டும்.

தேனீயின் கண் புற ஊதா, நீலம், பச்சை ஆகிய மூன்றைப் பிடிக்கிறது, சிவப்பைப் பிடிப்பதில்லை. நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் பல பூக்களில், தேன் இருக்கும் நடுப்பகுதியைக் காட்டும் புற ஊதாக் கோலங்கள் இருக்கின்றன. பறவைகளுக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும் என்பதால், பறவைகளை நம்பும் பூக்களில் சிவப்பு அதிகம்.

9. சிவப்பைக் கண்டால் காளை முட்டும் என்பது நிஜமா?

இல்லை. மாடுகளுக்குக் கூம்பு செல்கள் இரண்டு வகைதான்; சிவப்பையும் பச்சையையும் நம்மைப் போல் பிரித்தறிய அவற்றால் முடியாது. துணி அசைவதுதான் காளையைச் சீண்டுகிறது. மான்களின் பார்வையும் இப்படித்தான். அதனால்தான் நமக்குக் கண்ணைப் பறிக்கும் புலியின் ஆரஞ்சு, மானுக்குப் புல்லின் நிறத்தோடு கலந்துவிடுகிறது.

10. பச்சோந்தி எதன்மேல் உட்கார்ந்தாலும் அந்த நிறத்துக்கு மாறுமா?

மாறாது. அதன் வழக்கமான நிறமே இலைகளோடு ஒத்துப்போவதால் இந்த எண்ணம் வந்திருக்கலாம். பளிச்சென்ற மாற்றங்கள் பெரும்பாலும் இன்னொரு பச்சோந்திக்காக: எதிரி ஆணை மிரட்ட, பெண்ணை ஈர்க்க, தோல்வியை ஒப்புக்கொள்ள. உடல் வெப்பத்தைச் சரிசெய்யவும் நிறம் அடர்த்தியாகும் அல்லது வெளிறும்.

2015-இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் உள்வேலையைக் கண்டறிந்தார்கள். தோலில் குவானைன் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அமைதியாக இருக்கையில் அவை நெருக்கமாக இருந்து நீலத்தைத் திருப்பி அனுப்பும். மேலே உள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து அது பச்சையாகத் தெரியும். கிளர்ச்சியடைந்தால் படிகங்கள் விலகி மஞ்சள், ஆரஞ்சு என்று மாறும். ஏழாவது பதிலில் சொன்ன மயிலின் அடுக்கு நிலையானது. பச்சோந்தியால் தன் அடுக்கை நினைத்த நேரத்தில் தளர்த்த முடிகிறது.

11. ஒளிந்துகொள்வதுதான் பாதுகாப்பு என்றால், விஷப் பிராணிகள் ஏன் இவ்வளவு பளிச்சென்று இருக்கின்றன?

டார்வினையும் குழப்பிய கேள்வி இது. சில கம்பளிப்புழுக்கள் ஏன் இத்தனை ஆடம்பரமான நிறத்தில் இருக்கின்றன என்று அவர் கேட்டபோது, 1867-இல் இயற்கையியலாளர் வாலஸ் விடை சொன்னார்: அவை தின்னத் தகாதவை என்பதை வேட்டையாடிக்கு முன்கூட்டியே அறிவிக்கின்றன. ஒருமுறை வாயில் வைத்துக் கசந்துபோன பறவை, அந்த நிறத்தை மறப்பதில்லை. நிறம் எவ்வளவு எடுப்பாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அது மனதில் பதியும்.

அறிவிப்பு என்று வந்துவிட்டால் போலிகளும் வருவார்கள். விஷமில்லாத வண்ணத்துப்பூச்சிகள் விஷமுள்ளவற்றின் வேடத்தைப் போட்டுத் தப்பிப்பதை, அமேசான் காடுகளில் பதினோரு ஆண்டுகள் பூச்சிகளைச் சேகரித்துத் திரும்பிய இயற்கையியலாளர் பேட்ஸ் 1862-இல் விளக்கினார்.

12. சிவப்பு கோபம், நீலம் அமைதி, மஞ்சள் மகிழ்ச்சி. இதெல்லாம் அறிவியல்பூர்வமா?

இங்கே இரண்டு விஷயங்கள் கலந்துபோகின்றன. ஒரு நிறத்தைக் கேட்டதும் எந்த உணர்ச்சி நினைவுக்கு வருகிறது என்பது ஒன்று. அந்த நிறத்தைப் பார்த்தால் அந்த உணர்ச்சி நமக்குள் உண்டாகிறதா என்பது வேறொன்று. முதலாவதற்கு வலுவான சான்று இருக்கிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, 30 நாடுகளில் 4,598 பேரிடம் நிறங்களின் பெயர்களைக் கொடுத்து, எந்த உணர்ச்சிகளோடு பொருந்தும் என்று கேட்டது. நாடுகளுக்கிடையே வியக்கத்தக்க ஒற்றுமை இருந்தது. கறுப்பு என்றதும் துக்கம், மஞ்சள் என்றதும் மகிழ்ச்சி. சிவப்புக்குக் கோபமும் வந்தது, காதலும் வந்தது! ஒரே நிறம் இரண்டு எதிரெதிர் மனநிலைகளைத் தாங்குகிறது என்பதே, 'சிவப்பு என்றால் கோபம்' என்ற சூத்திரம் எவ்வளவு அரைகுறையானது என்று காட்டுகிறது.

அந்த ஆய்வில் யாருக்கும் நிறத்தையே காட்டவில்லை, பெயரை மட்டுமே கொடுத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். பெயரே போதும் என்றால், அது பெருமளவு நாம் மனதில் சேர்த்துவைத்திருக்கும் அறிவு. பார்த்ததும் உடலில் தோன்றும் உணர்ச்சி என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது கேள்விக்கு விடை வேறு மாதிரி. 1994-இல் வால்டெஸ், மெஹ்ராபியன் என்ற இரு உளவியலாளர்கள் நிறத்தை மூன்றாகப் பிரித்து அளந்தார்கள்: எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு அடர்த்தி. மனநிலையில் அதிகம் வேலை செய்தவை வெளிச்சமும் அடர்த்தியும்தான். வெளிர் நீலமும் கன்னங்கரிய நீலமும் ஒரே பெயரில் இருந்தாலும் மனதுக்கு ஒன்றல்ல. அறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 'எந்த நிறம்' என்பதை விட்டு 'எவ்வளவு வெளிர், எவ்வளவு அழுத்தம்' என்பதிலிருந்து யோசியுங்கள்.

13. அப்படியானால் நிறத்துக்கும் உணர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பிறவியிலேயே வருவதா, பழக்கத்தில் வருவதா?

இரண்டும் கலந்தது, பழக்கத்தின் பங்கை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்பது என் கருத்து. 2010-இல் பாமர், ஷ்லாஸ் என்ற ஆய்வாளர்கள், ஒரு நிறம் எந்தெந்தப் பொருள்களை நினைவூட்டுகிறதோ அவற்றை நாம் எவ்வளவு விரும்புகிறோம் என்பதிலிருந்தே அந்த நிறத்தின் மீதான விருப்பத்தைப் பெருமளவு கணிக்கலாம் என்று காட்டினார்கள். நீலம் தெளிந்த வானத்தையும் சுத்தமான நீரையும் கொண்டுவருகிறது. பசுமை கலந்த பழுப்பு அழுகலைக் கொண்டுவருகிறது.

வெயிலின் கதையும் இதோடு சேரும். 55 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், மஞ்சளை மகிழ்ச்சியோடு சேர்ப்பவர்கள் நிலநடுக்கோட்டிலிருந்து தூரமான, மழை அதிகமான நாடுகளில் கூடுதலாக இருந்தார்கள். வெயில் அரிதாகக் கிடைக்கும் இடத்தில் அதன் நிறம் இனிக்கிறது. உடலின் பங்கும் இல்லாமல் இல்லை: கோபத்திலும் வெட்கத்திலும் முகத்துக்கு ரத்தம் ஏறுவது எல்லா மனிதருக்கும் பொது.

14. சிவப்புச் சட்டை போட்டால் போட்டியில் ஜெயிக்கலாமா?

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, டேக்வாண்டோ, இரு வகை மல்யுத்தம் ஆகியவற்றில் வீரர்களுக்குச் சிவப்போ நீலமோ குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டது. சிவப்பு அணிந்தவர்கள் சுமார் 55 சதவீதம் வென்றார்கள் என்று 2005-இல் ஓர் ஆய்வு வந்து பரபரப்பானது. காரணம் வீரரிடம்தான் இருக்க வேண்டும் என்று பலரும் நினைத்தார்கள். 2008-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் டேக்வாண்டோ காணொளிகளில் இரு வீரர்களின் நிறத்தைக் கணினியில் இடம் மாற்றி நடுவர்களிடம் காட்டினார்கள். அதே உதை, அதே அடி. ஆனால் சிவப்பாகத் தெரிந்தவருக்குச் சுமார் 13 சதவீதம் கூடுதல் புள்ளிகள் விழுந்தன. வீரர் மாறவே இல்லை, மதிப்பிட்ட கண்தான் மாறியிருந்தது.

15. சிறை அறைக்கு இளஞ்சிவப்பு அடித்தால் கைதிகள் சாந்தமாகிவிடுவார்களாமே? வண்ண சிகிச்சை வேலை செய்யுமா?

1979-இல் அமெரிக்காவில் ஒரு கடற்படைச் சிறையில் அப்படி அடித்துப் பார்த்து, வன்முறை குறைந்தது என்றார்கள். பிறகு பல நாடுகளில் பின்பற்றினார்கள். 2014-இல் சுவிட்சர்லாந்தில் கைதிகளை இளஞ்சிவப்பு அறை, வெள்ளை அறை என்று பிரித்து முறையாகச் சோதித்தபோது வித்தியாசம் தெரியவில்லை. நிற விளக்குகளால் நோய்களைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் வண்ண சிகிச்சைக்கும் ஆதாரம் இல்லை. அதை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

ஒளியால் செய்யும் உண்மையான சிகிச்சைகள் உண்டு, அவற்றோடு இதைக் குழப்ப வேண்டாம். மஞ்சள் காமாலை உள்ள பச்சிளம் குழந்தையை 460 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியில் வைப்பார்கள். தோலை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற பொருளை, உடல் வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு அந்த ஒளி மாற்றுகிறது. குழந்தையின் கண்களைக் கட்டிவிடுவார்கள். பார்ப்பதற்கு இங்கே வேலையே இல்லை. அதேபோல் விழித்திரையில் 480 நானோமீட்டரை ஒட்டிய ஒளிக்குத் துலங்கும் தனிச் செல்கள் உண்டு. அவை பகலா இரவா என்பதை உடல் கடிகாரத்துக்குச் சொல்கின்றன. இரவில் திரையின் நீல ஒளி தூக்கத்தைக் கலைப்பதன் ஒரு காரணம் இது. இந்த ஒரு விஷயத்தில், நீலம் அமைதி என்ற பேச்சுக்கு நேரெதிராக நீலம் விழிப்பைத் தருகிறது.

16. மனசு சரியில்லாதபோது உலகமே வெளிறிப்போன மாதிரி இருக்கிறது. இது வெறும் பேச்சா, நிஜமாகவே கண் மாறுகிறதா?

வெறும் பேச்சு என்று தள்ள முடியாது. 2010-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில், மனச்சோர்வு நோய் உள்ளவர்களின் விழித்திரையிலிருந்து வரும் மின் சைகைகளை அளந்தார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டங்களின் வேறுபாட்டுக்கு அவர்கள் விழித்திரை மற்றவர்களைவிடக் குறைவாகவே துலங்கியது. அளந்தது ஒளி வேறுபாட்டை, நிறத்தை அல்ல.

சோகம் நீலத்தையும் மஞ்சளையும் பார்க்கும் திறனைக் குறைக்கிறது என்று 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. செய்திகளில் வேகமாகப் பரவியது. புள்ளிவிவரக் கணக்கில் குறைகள் சுட்டிக்காட்டப்பட்டதும் எழுதியவர்களே அதே ஆண்டில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பழைய செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால் இதை இங்கே எழுத வேண்டியிருக்கிறது. வெளிறிய உணர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அது கவனிக்க வேண்டிய அறிகுறி.

17. நிறக்குருடு உள்ளவர்களுக்கு நிறம் தரும் உணர்ச்சியும் கிடைக்காதா?

அவர்களில் மிகப் பெரும்பாலோர் குருடர்கள் அல்லர், அந்தச் சொல்லையே தவிர்க்கலாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறைபாடு, அவ்வளவுதான். இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் அதிகம். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்களில் 12 பேரில் ஒருவர், பெண்களில் 200 பேரில் ஒருவர். வேதியியலாளர் ஜான் டால்டனுக்கும் இது இருந்தது. தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்க வேண்டும் என்று நம்பிய அவர், இறந்தபின் சோதிக்கச் சொல்லிவிட்டுப் போனார். 1844-இல் திறந்து பார்த்தார்கள். திரவம் தெளிவாக இருந்தது. பாதுகாத்து வைத்த கண்ணிலிருந்து 1995-இல் டிஎன்ஏ எடுத்துப் பார்த்தபோதுதான், நடு அலைநீளத்துக்கான நிறமி அவருக்கு இல்லை என்பது தெரிந்தது.

உணர்ச்சியைப் பொறுத்தவரை, இந்தக் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் நிறங்களோடு சேர்க்கும் உணர்ச்சிகள் பெரும்பாலும் ஒன்றே. 12-ஆம் பதிலில் சொன்னதோடு இது பொருந்துகிறது: இந்தத் தொடர்பின் பெரும்பகுதி நாம் வாழ்ந்து சேர்த்துக்கொண்டது.

18. நான் பார்க்கும் சிவப்பும் நீங்கள் பார்க்கும் சிவப்பும் ஒன்றுதானா?

கண்ணின் அமைப்பைக் கேட்டால், ஒன்றல்ல. நீள அலைக் கூம்புகளும் நடு அலைக் கூம்புகளும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது ஆளுக்கு ஆள் பல மடங்கு மாறுகிறது. இருந்தும், சிவப்போ பச்சையோ சிறிதும் கலக்காத சுத்த மஞ்சளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எல்லோரும் ஏறக்குறைய ஒரே அலைநீளத்தைத்தான் காட்டுகிறார்கள். மூளை தனக்குக் கிடைத்த கருவியின் கோணலைத் திருத்திக்கொள்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. உள்ளுக்குள் எழும் அனுபவத்தை எடுத்து மேசைமேல் வைத்து ஒப்பிட வழியில்லை. எது எதற்குப் பக்கத்தில், எது எதற்கு எதிர் என்ற உறவுகளை ஒப்பிடலாம். அவை பெரும்பாலானோருக்கு ஒத்துப்போகின்றன.

ஒரே ஆளுக்கும் நிறம் நிலையாக இருப்பதில்லை. வயது ஏற ஏற விழிலென்ஸ் மஞ்சளாகி நீலத்தைத் தடுக்கும். மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. கண்புரை அறுவை செய்து புது லென்ஸ் வைத்ததும், எல்லாம் நீலமாகத் தெரிகிறதே என்று பலர் மிரண்டு கேட்பார்கள். சில வாரங்கள், சில மாதங்களில் மூளை கணக்கைச் சரிசெய்துகொள்ளும். வெள்ளை மறுபடி வெள்ளையாகிவிடும்.